பன்றிக் கிடங்கை அளந்தவர்கள்

பத்திரிகையில் வந்த விளம்பரத்தில் பன்றி என்ற சொல் இருக்கவில்லை. விவசாயத்துறையில் இருந்து வெளியேறும் பசுமைஇல்ல வாயுக்களை அளக்கும் திட்டத்துக்குக் கள உதவியாளர் தேவை, விஞ்ஞானப் பட்டதாரிகள் விரும்பத்தக்கவர்கள் என்று மட்டும் இருந்தது. நான் விஞ்ஞானப் பட்டதாரி. பட்டத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அரசாங்கம் எப்போது கூப்பிடும் என்று புத்தளத்தில் காத்துக்கொண்டிருந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி.

நேர்முகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் திட்டத்தின் தலைவர், கொழும்பில் இருந்து வந்திருந்த, ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற கலாநிதி. பெயருக்கு முன்னால் அந்தப் பட்டத்தைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார் என்பதால் இங்கேயும் அவரைக் கலாநிதி என்றே எழுதுகிறேன்.

"பண்ணையளிலதான் வேலை. உமக்கு ஏதும் ஆட்சேபனை இருக்கோ?" என்று கேட்டார்.

நான் மாட்டையும் கோழியையும் நினைத்துக்கொண்டு, "இல்ல சேர்" என்றேன். அவர் என் முக்காட்டைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், சிரித்தார். அந்தச் சிரிப்பு எதற்கென்று வேலை தொடங்கிய அன்று திட்டத்தின் வான் வண்டியில் ஏறிய பிறகுதான் விளங்கியது. எங்கே போகிறோம் என்று கேட்டேன். "முந்தல் பக்கம். பன்றிப் பண்ணை" என்றார் முன் ஆசனத்தில் இருந்தபடி. நான் வாயைத் திறப்பதற்கு முன்னரே, "நீர்தானே ஆட்சேபனை இல்லையெண்டு சொன்னீர்" என்றும் சேர்த்துக்கொண்டார். தூண்டிலில் இரை மாட்டியவனின் திருப்தி அந்தக் குரலில் இருந்தது. ஒரு முஸ்லிம் பெண்ணைப் பன்றிக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போவது அவருக்கு அவ்வளவு பெரிய விளையாட்டு.

அன்று வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். எங்கள் குடும்பம் தொண்ணூறில், யுத்த காலத்தில், வடக்கின் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரில் இருந்து விரட்டப்பட்டு இங்கே வந்தது. நான் புத்தளத்தில், கிடுகு வேய்ந்த முகாம் கொட்டிலில் பிறந்தவள். வாப்பா மௌத்தான பிறகு உம்மாவின் தையல் மெசின்தான் எங்களை வளர்த்தது. அந்த மெசினை நிறுத்தாமலே உம்மா கேட்டார்:

"பண்டியா?"

"ஓம்."

"தொடோணுமா?"

"தொடத் தேவையில்ல. கையுறை இரிக்கி, பூட்ஸ் இரிக்கி. அதுட கழிவுக் கிடங்குல இருந்து வாற காத்தத்தான் அளக்கோணும்."

மெசின் நின்றது. உம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "பட்டாக் கழுவலாம் புள்ள. ஏழு தரம் கழுவு, ஒரு தரம் மண்ணால. அந்த உடுப்ப ஊட்டுக்குள்ள கொண்டு வராத. களவெடுத்த கையத்தான் கழுவ ஏலா" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது. பள்ளிவாசலில் கேட்டு வரட்டுமா என்று நான் இழுத்தபோது, "அவங்க தருவாங்களா வேல?" என்றார்.

பண்ணை, முந்தலில் இருந்து கடல் பக்கமாக உள்ளே போகும் மணல் பாதையில், ஒரு தென்னந்தோட்டத்துக்குப் பின்னால் இருந்தது. அதை நடத்தியவர் ஒரு கத்தோலிக்க அக்கா. புருசன் கடலுக்குப் போகிறவர். பன்றிகள் முழுக்க முழுக்க அக்காவின் பொறுப்பு. அவர் பன்றிகளைச் சிங்களத்தில் ஏசுவார், மாதாவோடு தமிழில் கதைப்பார், இரண்டுக்கும் குரலை மாற்றமாட்டார். என்னைக் கண்டதும் கையில் இருந்த தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார்.

"முஸ்லிம் புள்ளயா? ஐயோ தங்கச்சி, உங்களுக்கு வேற வேல கெடைக்கலயா?"

இந்தக் கேள்வியை அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இரக்கத்தோடு கேட்டவர் அவர் ஒருவர்தான். கொட்டகைக்கு எட்டத்தில் இருந்த தனிக் குழாயைக் காட்டினார். பிரிக்காத சவர்க்காரக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்தார். நான் அவர் வீட்டுக் கோப்பையில் குடிக்கத் தயங்குவேன் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆனாலும் சந்திக் கடைக்கு ஆளனுப்பி, மூடி திறக்காத சோடாப் போத்தல் ஒன்றை வாங்கி வந்து என் கையில் தந்தார்.

வேலையைச் சொல்கிறேன். கொட்டகையைக் கழுவும் தண்ணீர், மூத்திரத்தையும் சாணியையும் அள்ளிக்கொண்டு நிலத்தில் தோண்டிய ஒரு பெரிய கிடங்குக்குள் போய் விழும். அங்கே அது காற்றில்லாமல் புளித்து மீதேன் வாயுவை விடும். பார்த்துக்கொண்டிருந்தால், கறுத்த ஆடையைக் கிழித்துக்கொண்டு மேலே கொப்புளம் வரும், வெடிக்கும். அந்த வாயுவை அளக்க எங்களிடம் இருந்தது பாதியாக வெட்டிய ஒரு நீலப் பிளாஸ்டிக் பரல். மிதப்பதற்காக லொறி டியூப் ஒன்றை அதன் விளிம்பைச் சுற்றிக் கட்டியிருந்தோம். பரலைக் கிடங்கின் மேல் கவிழ்த்துவிட்டு, உச்சியில் இருக்கும் இறப்பர் மூடிக்குள்ளால் ஊசியைக் குத்தி உள்காற்றை இழுக்க வேண்டும். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி இழுக்க வேண்டும். இழுத்ததைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்துக் கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு குப்பியில் இருந்து மறு குப்பிக்கு வாயு எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை வைத்துக் கிடங்கு எவ்வளவு விடுகிறது என்று கணக்குப் பார்ப்பார்கள்.

இதை நான் விருப்பத்தோடுதான் செய்தேன். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் யாரும் கிடங்குக்குள் இறங்கி அளப்பதில்லை. நாட்டில் எத்தனை பன்றி இருக்கிறதோ அந்தத் தொகையைப் புத்தகத்தில் இருக்கும் ஓர் இலக்கத்தால் பெருக்கிவிடுகிறார்கள். அந்த இலக்கம் பெரும்பாலும் குளிர்தேசப் பண்ணைகளில் பிறந்தது. அங்கே குளிர்காலம் முழுவதும் சாணி தொட்டிக்குள் உறைந்து கிடக்கும். எங்கள் வெயிலில் அது அடுப்பில் வைத்த கஞ்சி மாதிரிக் கொதிக்கும். இரண்டுக்கும் ஒரே இலக்கம் எப்படிச் சரிவரும்? யாராவது போய் அளந்து பார்த்தால்தானே தெரியும். இந்தப் பேச்சைப் பேசித்தான் கலாநிதி வெளிநாட்டில் இருந்து திட்டத்தை வாங்கியிருந்தார். பேச்சில் பிழையில்லை. பேசிய ஆளில்தான் பிழை.

அவர் கிடங்குப் பக்கம் வரமாட்டார். தென்னை நிழலில் வானை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசிக் குளிரில் இருப்பார். நான் உள்ளே வாயுவை அளந்துகொண்டிருக்க அவர் வெளியே வாயுவை உண்டாக்கிக்கொண்டிருப்பார். கண்ணாடியை இறக்கிக் கதைக்க வேண்டி வந்தால் ஓடிக்கலோன் தெளித்த லேஞ்சியை மூக்கில் பிடித்துக்கொள்வார். மதியம் திரும்பும் வழியில், ரெஸ்ட் ஹவுஸில் மிளகுப் பன்றி வறுவலை இரண்டாம் தரமும் கேட்டு வாங்குவார். தின்கிற அவருக்குப் பன்றி நாறியது. தின்னாத நான் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு அதன் கழிவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

வந்த இலக்கங்களும் அவருக்குப் பிடிக்கவில்லை. காலையில் ஒன்று, உச்சி வெயிலில் இன்னொன்று. கழிவு வந்து விழும் மூலையில் கொள்ளை வாயு, மறு மூலையில் கொஞ்சம். மழை பெய்தால் எல்லாம் தலைகீழ். எனக்கு அது அதிசயமாக இருந்தது. ஒரு கிடங்குக்கு இவ்வளவு குணம் இருக்குமா என்று வியந்துபோனேன். அவருக்கு எரிச்சல். "ஏன் உம்மட இலக்கங்கள் ஒரு ஒழுங்கில வருதில்லை? திரும்ப எடும்" என்பார். திரும்ப எடுத்தால் இன்னும் வேறாக வரும். "பன்றியைப் போலவே அதின்ர கழிவுக்கும் ஒழுங்கில்லை" என்று ஒரு நாள் சொல்லித் தானே சிரித்துக்கொண்டார்.

ஒரு நாள் திட்டத்துக்குப் பண உதவி செய்பவர்கள் பார்க்க வந்தார்கள். இரண்டு வெள்ளைக்காரர், கொழும்பில் இருந்து நாலைந்து பேர். அன்று கலாநிதி வானை விட்டு இறங்கினார். வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். அவர் வாழ்க்கையில் முதல் முறையாக என் பரலைத் தொட்டு, அது எப்படி வேலை செய்கிறது என்று ஆங்கிலத்தில் விளக்கினார். பாதி பிழை. பிறகு என்னைக் கூப்பிட்டு, ஒரு பன்றிக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொன்னார்.

"அது ஏலாது சேர்" என்றேன்.

"ஒரு படத்துக்குத்தானே."

"படத்துக்கும் ஏலாது."

அவர் தோளைக் குலுக்கினார். நான் அடைப்புக்குப் பக்கத்தில் பரலைக் கழுவிக்கொண்டு நின்றபோது, குட்டிகள் தீனி என்று நினைத்து என் பக்கமாக ஓடிவந்தன. அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டார்கள். அது திட்டத்தின் முகநூல் பக்கத்தில் "தடைகளைத் தாண்டிய பெண்" என்ற தலைப்போடு வந்தது. அன்று மாலை மஃரிப் தொழுகைக்கு முன்னரே புத்தளத்தில் கைபேசி வைத்திருந்த எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நான் தாண்டியது என்னவோ வானுக்கும் கிடங்குக்கும் இடையில் இருந்த சேற்றை மட்டும்தான்.

இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு மாமா வந்தார். உம்மாவின் மூத்த சகோதரர்; உம்மா அவரை 'நானா' என்பார். முந்தலில் இறால் குளங்கள் வைத்திருப்பவர். எங்கள் குடும்பத்தின் ஈமானை ஒட்டுமொத்தக் குத்தகைக்கு எடுத்தவர் மாதிரி நடந்துகொள்வார். கதிரையில் இருக்காமல், நின்றபடியே கைபேசியை உம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாரு. உன்ட மகள் பண்டியோட நிக்கிறா. ஊர்ல தல காட்ட ஏலாமப் போச்சு."

உம்மா கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் பார்த்தார். "நல்லாப் பாருங்க நானா. பண்டிதான் அவளோட நிக்குது. அவ அவட வேலயப் பாக்கிறா."

"பகிடியா? நாளைக்கு இவளுக்கு ஆரு மாப்பிள தருவான்?"

"தராதவன் நமக்குத் தேவயில்லத்தானே" என்றார் உம்மா. பிறகு குரலை உயர்த்தாமல், "எனக்கொரு சந்தேகம் இரிக்கி நானா. உங்கட இறால் குளத்து நாத்தத் தண்ணிய ராவோட ராவாக் களப்புக்குத் தொறந்து உடுறீங்க. மீன் செத்து மிதக்குதாம். அந்தத் தண்ணி பட்டா எத்தின தரம் கழுவோணும்? பள்ளியில ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார்.

மாமா கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். நான் பிளேன்டி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் படலை சாத்துகிற சத்தம் கேட்டது. அந்த மாதிரி மனிதர்களுக்கு மார்க்கம் மற்றவர்களை அளக்கும் முழக்கோல். தங்கள் பக்கம் அதைத் திருப்பினால் போய்விடுவார்கள்.

மறுநாள் கலாநிதியிடம் படத்தை நீக்கிவிடச் சொன்னேன். "நீர் இதைப் பெருமையா எடுக்கவேணும். உம்மட சமூகத்துக்கே இது முன்மாதிரி" என்றார். பெருமை எனக்கு வேண்டாம், படத்தை நீக்கினால் போதும் என்றேன். அதை ஊடகப் பிரிவு தீர்மானிக்கும் என்றார். ஊடகப் பிரிவு என்பது அவருடைய மருமகன்.

அதற்குக் கொஞ்ச நாளில் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் பற்றிய செய்தி வரத் தொடங்கியது. மனிதனை ஒன்றும் செய்யாத நோய். ஆனால் பன்றிக்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. ஒரு கொட்டகைக்குள் புகுந்தால் அந்தக் கொட்டகை முடிந்தது. சப்பாத்தில் வரும், வாகனச் சில்லில் வரும், தீனியிலும் வரும். அக்கா படலையடியில் ஒரு பெரிய தாச்சியில் சுண்ணாம்புத் தண்ணீர் கரைத்து வைத்தார். பன்றித் தீனிக்காக ஹோட்டலில் இருந்து வரும் மிச்சச் சாப்பாட்டை முன்னையை விட நேரம் எடுத்து அவித்தார். "ஆரா இருந்தாலும் காலை நனைச்சிட்டுத்தான் உள்ள வரோணும். எம் புருசனுக்கும் அதுதான் சட்டம்" என்றார். நானும் ஒவ்வொரு முறையும் பூட்ஸை முக்கி எடுத்தேன்.

கலாநிதி இன்னொரு குழுவைக் கூட்டிக்கொண்டு வந்தார். காலையில் சிலாபப் பக்கம் வேறொரு பன்றிப் பண்ணையைக் காட்டிவிட்டு நேரே இங்கே வந்திருந்தார்கள். அவர் காலில் பளபளக்கும் தோல் சப்பாத்து. தாச்சியைக் கண்டதும் நின்றார்.

"சேர், காலை நனைக்கோணும்" என்றார் அக்கா.

"அது வேலையாக்களுக்கு. நாங்கள் வானில வந்தனாங்கள்" என்றுவிட்டு, காற்சட்டையைக் கொஞ்சம் உயர்த்தித் தாச்சியைத் தாண்டினார். பின்னால் வந்தவர்களும் தாண்டினார்கள்.

நான், "சேர், நோய் பரவுற நேரம்" என்றேன்.

அவர் விருந்தினர்கள் பக்கம் திரும்பினார். "இவ அந்தக் குழாயடியில மண் போட்டுக் கை கழுவுறவ. இஞ்சயும் அந்தச் சடங்கு வேணுமாம்" என்றார். மரியாதைக்காக இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் கிடங்கைப் பார்த்தேன். கலாநிதி என்ற பட்டத்தை எந்தச் சந்தையில் வாங்கினார் என்று அன்றைக்குத்தான் முதல் முறையாக யோசித்தேன்.

பிறகு ஒரு தாய்ப் பன்றி தீனியை விட்டது. காது சிவந்து, ஊதாவாகி, கறுத்தது. மற்றப் பன்றிகள் குளிரில் நடுங்குவது போல ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப் படுத்தன. மூக்கில் இரத்தம் வந்தது. காலையில் உயிரோடு நின்றது மாலையில் இல்லை. மிருக வைத்தியர் வந்து இரத்தம் எடுத்துக்கொண்டு போனார், திரும்பி வந்தபோது மிஞ்சியதையும் கொன்று புதைக்கும் கட்டளையோடு வந்தார்.

யார் கொண்டுவந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஹோட்டல் மிச்சத்தில் வந்திருக்கலாம். குட்டி பார்க்க வந்த வியாபாரியின் சைக்கிளில் வந்திருக்கலாம். அந்தத் தோல் சப்பாத்தில்தான் வந்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். அக்காவும் ஒருபோதும் அப்படிச் சொல்லவில்லை. கலாநிதி மட்டும், கேட்காமலே, அது தங்களால் வந்திருக்க வாய்ப்பில்லை என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

புதைத்த அன்று திட்டம் என்னை அனுப்பவில்லை. நானாகப் பஸ் ஏறிப் போனேன். பெக்கோ மெசின் தென்னைகளுக்கு நடுவில் ஆழமாகத் தோண்டியிருந்தது. செத்தவற்றை முதலில் இழுத்துக் கொட்டிச் சுண்ணாம்பு போட்டார்கள். உயிரோடு இருந்தவை சில, அடைப்பை விட்டு வெளியே வர மறுத்தன. ஆட்கள் தடியால் தட்டினார்கள், வாலைப் பிடித்து இழுத்தார்கள். அவை கத்திய கத்தலில் அக்காவின் புருசன் சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டார். அக்கா ஒருவரையும் ஏசவில்லை. உள்ளே போய்த் தீனி வாளியை எடுத்து வந்தார். வெறும் வாளி. அதைத் தட்டினார். வழக்கமாக ஏசும் அதே சிங்கள ஏச்சை ஏசிக்கொண்டு முன்னால் நடந்தார். அவை ஒன்றன்பின் ஒன்றாக அவருக்குப் பின்னால் குழி வரைக்கும் போயின.

மிருக வைத்தியரின் ஆட்கள் தங்கள் வேலையைச் செய்தபோது அக்கா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் குந்தியிருந்தார். நான் பக்கத்தில் மணலில் இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க வெயில்ல இரிக்காதீங்க தங்கச்சி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா, "எல்லாத்தயும் பொதைச்சிட்டாங்களா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அந்த மனிசி ஏதும் சாப்பிட்டாவா?" என்றார் அடுத்ததாக. அது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை ரொட்டி சுட்டு, கட்டச்சம்பல் வைத்து, வாழையிலையில் சுற்றித் தந்தார். பன்றி வளர்க்கும் வீட்டுக்குப் போகிறதென்று தெரிந்தேதான் தந்தார். அக்கா அதைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, படலையடியில் நின்றபடியே பிய்த்துச் சாப்பிட்டார்.

அந்தக் கிழமை கலாநிதி தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் உற்சாகம்.

"நல்ல சந்தர்ப்பம். பன்றி இல்லாத கிடங்கு எவ்வளவு விடுது எண்டு பாக்கலாம். புதைச்ச குழிக்கு மேலயும் ஒரு பரல் வைப்பம். இப்பிடியொரு தரவு இந்த நாட்டில ஒருத்தரிட்டயும் இல்லை."

எனக்குப் போக மனமில்லை. ஆனாலும் போனேன். அக்காவிடம் அவர் தனியாகப் போய் நிற்பதை விட நான் கூட நிற்பது நல்லது என்று தோன்றியது. அன்று சாப்பாட்டுக்காக வானில் வாங்கிப் போட்டிருந்த பொரித்த கோழி மணத்தது.

அக்கா படலையைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கலாநிதி அவருக்கு விஞ்ஞானத்தின் முக்கியத்துவத்தை விளக்கினார். உலகம் சூடாகிறது என்றார். இந்த இழப்பில் இருந்தும் ஒரு நன்மை வரவேண்டும் என்றார். அக்கா முழுவதையும் கேட்டு முடித்தார்.

"செத்த ஊட்டுக்கு வந்து பொணத்துட மூச்ச அளக்கப் போறீங்களா சேர்?"

"அம்மா, நீங்கள் விளங்காமல் கதைக்கிறீங்கள்..."

"எனக்கு வெளங்கிட்டு. நீங்க போங்க."

அவர் என்னைப் பார்த்தார். "நீர் கதையும். உமக்குத்தானே பழக்கம்."

"அவங்க சொன்னது சரி சேர்" என்றேன்.

திரும்பி வானில் ஏறும்போது, "படிக்காத சனத்தோட மினக்கெடுறதே வேலையாப் போச்சு" என்றார். நான் ஏறவில்லை. மணல் பாதையால் நடந்து பெரிய வீதிக்கு வந்து பஸ் எடுத்தேன். அவர் என்னைக் கூப்பிடவும் இல்லை. ஏசிக் குளிர் வெளியே போய்விடும் என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

திட்டம் முடிந்தபோது கற்பிட்டிப் பக்கம் ஒரு கடற்கரை ஹோட்டலில் நிறைவுக் கூட்டம் வைத்தார்கள். என் ஒப்பந்தத்தில் இன்னும் சில நாட்கள் மிச்சம் இருந்ததால் நானும் போனேன். அக்காவும் வந்திருந்தார். புதுக் குட்டி கொடுப்பதைப் பற்றிக் கதைப்பார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கோயிலுக்கு உடுக்கும் நீலச் சேலையில், என் பக்கத்துக் கதிரையில், கைப்பையை மடியில் வைத்து நேராக இருந்தார். குட்டியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கலாநிதி திரையில் ஒரு படம் போட்டார். ஒரு கோடு, இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி, கொஞ்ச தூரம் போய், சரேலென்று கீழே விழுந்தது. எங்கள் கடற்கரையில் பன்றி வளர்ப்பில் இருந்து வரும் வாயு, திட்டக் காலத்துக்குள் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள் என்றார். விழிப்பூட்டல் என்றார், பயிற்சி என்றார், பங்காளர்கள் என்றார். கீழே விழுந்த அந்தப் பகுதியை நாங்கள் அளக்கவே இல்லை. பண்ணைகள் வெறுமையாகக் கிடந்தன. மிஞ்சிய பன்றிகளின் தொகையை எடுத்து, குளிர்தேசத்துப் புத்தகத்து இலக்கத்தால் பெருக்கியிருந்தார். நான் வெயிலில் நின்று இழுத்த குப்பிகளில் பாதிக்கு மேல், ஒழுங்கில்லாதவை என்று ஒதுக்கப்பட்டிருந்தன.

அக்கா என் பக்கம் சாய்ந்தார். "என்ன தங்கச்சி அது? ஏன் கீழ எறங்குது?"

"உங்கட பண்டி செத்தது அக்கா. அதத்தான் காட்டுறாங்க."

"எம் பண்டி செத்ததையா?"

"ஓம். காத்துக் கொறைஞ்சிட்டாம். நல்லதாம்."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். முதலில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார். பிறகு பொத்த முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்க்கச் சிரித்தார். மேடையில் இருந்த கலாநிதியும் புன்னகைத்தார். விவசாயி ஒருவர் மகிழ்ச்சி அடைகிறார் என்று நினைத்திருப்பார் போல.

நான் எழும்பினேன். ஒலிவாங்கி தரவில்லை, தேவையும் இருக்கவில்லை.

"சேர், அந்தக் கோடு எறங்கினது பயிற்சியால இல்ல. பன்றியெல்லாம் நோயில செத்துப் போச்சு. செத்த பிறகு நாங்க ஒண்டும் அளக்கவும் இல்ல. அந்தப் பன்றிகள வளத்தவங்க இந்தா இரிக்கிறாங்க, அவங்களையே கேளுங்க."

இனி ஏதோ நடக்கப் போகிறது என்று நினைத்தேன். கலாநிதி தலையை ஆட்டினார். "நல்ல கருத்து. அதுவும் ஒரு காரணிதான். கீழே சின்ன எழுத்தில குறிப்பு போட்டிருக்கிறம்" என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள், ஆம் குறிப்பு இருக்கிறது என்று தலையசைத்தார்கள். குறிப்புப் போட்டாகிவிட்டது, இனி என்ன. அடுத்த படம் வந்தது. அதன் பிறகு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். நோய்க்குப் பயந்து பன்றி சமைத்திருக்கவில்லை, கோழியும் இறாலும் இருந்தன. அக்காவும் நானும் சாப்பிடாமல் வெளியே வந்து, பாலாவிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினோம். பஸ்ஸில் அவருக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது, பிறகு நிற்காமல் அழுகை வந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

எனக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இப்போது ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அக்கா நீண்ட நாள் கொட்டகையைப் பூட்டி வைத்திருந்துவிட்டு, தன் தங்கையிடம் இருந்து இரண்டு குட்டிகளை வாங்கி மறுபடி தொடங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் சில வேளை போவேன். கிடங்கில் மறுபடி கொப்புளம் வருகிறது. யாரும் அளப்பதில்லை.

போன மாசம் முந்தல் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒரு புது வான் என்னைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. கண்ணாடி இறங்கியது. கலாநிதி கொஞ்சம் பருத்திருந்தார்.

"எப்பிடி இருக்கிறீர்? எங்களுக்குப் புதுத் திட்டம் வந்திருக்கு. இந்தமுறை மாடு. உம்மட ஆக்களுக்கும் பிரச்சினை இல்லைத்தானே. வாறீரோ?"

"வேணாம் சேர்" என்றேன். "மாடு பாவம்."

அவருக்கு அது விளங்கவில்லை. பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார். புத்தளம் பஸ் வந்தது. சனம் நிறைந்திருந்தது. நான் மிதிபலகையில் ஏறி நின்றுகொண்டேன்.